கொப்பியில் கிடக்கும் 742 சொற்கள்

அன்பின் ஐயா,

நான் மண்டூரில் இருக்கிறேன். களுவாஞ்சிகுடியில் ஒரு பாமசியில் வேலை. காலையில் பாதையில் ஏறிக் குருமண்வெளிக்கு வந்து, பின்னேரம் அதே பாதையில் திரும்பிப் போகிறேன். என் வாசிப்பெல்லாம் அந்த நேரத்தில்தான்.

தமிழ் நாவல்கள் ஓ.எல். காலத்திலிருந்து வாசிக்கிறேன். ஆங்கிலம் வளர வேண்டும் என்று இந்த வருடம் ஓர் ஆங்கில நாவலைத் தொடங்கினேன். கடலோரக் கிராமம் ஒன்றின் கதை. தெரியாத சொல் வந்தால் பென்சிலால் கோடு போட்டு, போனில் அர்த்தம் பார்த்து, கொப்பியில் எழுதுவேன். அர்த்தத்தில் வருகிற சொல்லும் தெரியாவிட்டால் அதற்கும் அர்த்தம் பார்ப்பேன். மூன்று மாதமாகிறது. 61ஆம் பக்கத்தில் நிற்கிறேன். கொப்பியில் 742 சொற்கள். போன ஞாயிறு அர்த்தங்களைக் கையால் மறைத்துக்கொண்டு 50 சொற்களைச் சோதித்துப் பார்த்தேன். 9தான் ஞாபகம் இருந்தது. அழுகை வந்துவிட்டது.

கதையில் யாருக்கு யார் என்ன உறவு என்பதும் குழம்பிவிட்டது. ‘லூம்’ என்ற சொல்லுக்குத் ‘தறி’ என்று எழுதியிருந்தேன். பிறகு மூடுபனிக்குள் ஒரு கப்பல் வருகிற இடத்தில் அதே சொல். கடலில் ஏது தறி? அன்றைக்கு மூடிய புத்தகம்தான்.

ரியூசன் சேர் ஒருவர், நாளைக்குப் பத்துச் சொல் பாடமாக்கு, நாவல் வேண்டாம் என்கிறார். ஆங்கிலம் சரிவரும்வரை தமிழ் வாசிக்காதே என்று அக்கா சொல்கிறா. நாவல் வாசித்துச் சொல் படிக்க ஏலுமா? நீங்கள் எப்படிப் படித்தீர்கள்?

ஒரு வாசகி, மண்டூர்

அன்பின் மகள்,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மறந்துபோன 41 சொற்களைவிட ஞாபகத்தில் நின்ற அந்த 9 சொற்கள்தான் என்னை யோசிக்க வைத்தன. எந்த ஒன்பது என்று நீங்கள் எழுதவில்லை. கொப்பியை எடுத்து ஒருமுறை பாருங்கள். என் ஊகம் இது: அவற்றில் பாதிக்கு மேல், கதையில் மூன்று நான்கு தரம் திரும்பி வந்தவையாக இருக்கும். மிச்சம் ஏதோ ஒரு சம்பவத்தோடு ஒட்டிக்கொண்டவை. நீங்கள் கணக்கில் சேர்க்காத பத்தாவது சொல் ஒன்றும் உண்டு. அது ‘லூம்’. அதை நீங்கள் இனி மறக்க மாட்டீர்கள்.

கப்பல் மூடுபனிக்குள்ளிருந்து மங்கலாக, உள்ள அளவைவிடப் பெரிதாகத் தோன்றி, மனதில் ஒரு பயத்தைக் கிளப்பிக்கொண்டு எழும்பி வருகிறதல்லவா, அந்த வருகைக்கு ஆங்கிலத்தில் ‘லூம்’ என்று பெயர். மருதமுனையில் சாரம் நெய்கிற தறிக்கும் அதே எழுத்து, அதே உச்சரிப்பு. போன் உங்களுக்கு முதலில் காட்டியது தறியை. அந்த வசனத்தில் தறி பொருந்தவில்லை என்று உங்களுக்குப் பட்டதே, அந்த நிமிடத்தில் நீங்கள் சொல் படித்துக்கொண்டிருந்தீர்கள். மூன்று மாதத்தில் மிக நன்றாகப் படித்த நிமிடம் அதுவாகத்தான் இருக்கும். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டீர்களே என்பதுதான் என் கவலை. இன்னும் இரண்டு பக்கம் போயிருந்தால் அந்தக் கப்பலே பொருளைச் சொல்லியிருக்கும்.

உங்கள் கடிதத்தின் மூன்றாவது வசனத்தில் ‘பாதையில் ஏறி’ என்று எழுதியிருக்கிறீர்கள். மட்டக்களப்பு வாவியைக் கடக்கிற அந்த மிதவைக்கு நம் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். பல வருடங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு கதை ‘பாதை அக்கரையில் நின்றது’ என்று தொடங்கும். சென்னையில் இருக்கிற நண்பர் ஒருவர் அதை வாசித்துவிட்டுக் கோல் எடுத்தார். பாதை என்றால் அவருக்கு வழி, அவ்வளவுதான். முதல் வரியை அச்சுப்பிழை என்று நினைத்திருக்கிறார். அடுத்த பத்தியில் ‘பாதை வந்து துறையில் முட்டியது’ என்று வருகிறது. பிழை இரண்டு தரம் வராதே என்று சந்தேகப்பட்டிருக்கிறார். பிறகு இரண்டு மோட்டார் சைக்கிளையும் ஒரு நெல்மூட்டையையும் அதில் ஏற்றுகிறார்கள். கயிற்றை அவிழ்க்கிறார்கள். தண்ணீர் விலகுகிறது. ‘அப்பத்தான் சார் எனக்கும் கரை விலகிச்சு’ என்றார். நான் அவருக்கு எந்த விளக்கமும் கொடுக்கவில்லை. அடிக்குறிப்புப் போடச் சொல்லிப் பதிப்பாசிரியர் கேட்டபோதும் மறுத்திருந்தேன். அந்த நண்பர் போன வருடம் மட்டக்களப்புக்கு வந்தார். குருமண்வெளித் துறையில் நின்று ‘பாதை எத்தனை மணிக்கு?’ என்று இயல்பாகக் கேட்டார். ஒரு சொல் ஒருவருக்குச் சொந்தமாவது அப்படித்தான். முதல் தரம் இடறும், இரண்டாம் தரம் சந்தேகம் தரும், மூன்றாம் தரம் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போகும்.

நீங்கள் படுவான்கரைப் பிள்ளை. படுவான் என்றால் மேற்கு, சூரியன் படுகிற பக்கம் என்று உங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? எழுவான் கிழக்கு என்று எந்த வகுப்பில் எழுதிப் பாடமாக்கினீர்கள்? ஆயிரம் தரம் கேட்டு, ஆயிரம் தரம் வாவிக்கு இக்கரையும் அக்கரையுமாகப் போய்வந்து, அந்தச் சொல் உடம்போடு சேர்ந்துவிட்டது.

எனக்கு இது விளங்கிய இடம் ஒரு களவெட்டி, கதிரிலிருந்து நெல்லைப் பிரிக்கிற களம். பத்து வயதிருக்கும். மாமாவின் வயலில் சூடு மிதிக்கிற இரவு. பனியும் வைக்கோல் மணமும். குவியலைக் காட்டி ‘மாமா, எவ்வளவு நெல்லு’ என்று கேட்டுவிட்டேன். வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார். ‘மனே, களவெட்டிக்குள்ள நெல்லெண்டு சொல்லப்படா. பொலி எண்டு சொல்லணும்.’ ஏன் என்று அவர் சொல்லவில்லை. களவெட்டிக்கு வெளியே ஒரு பேச்சு, உள்ளே வேறொரு பேச்சு என்று அந்த இரவில் தெரிந்துகொண்டேன். இலக்கணத்தில் குழூஉக்குறி என்கிறார்களே, அது நம் வயல்களில் உயிரோடு இருந்தது. விடிகிறதற்குள் அங்கே பேசிய புதுச் சொற்களில் முக்கால்வாசி எனக்குப் பிடிபட்டுவிட்டது. அது என் கெட்டித்தனத்தால் வந்ததில்லை. ஒவ்வொரு சொல்லும் யாராவது ஒருவருடைய கையில் ஒரு பொருளாகவோ வேலையாகவோ இருந்தது. இன்றைக்கு மெசின் வந்து ஒரே ஓட்டத்தில் வெட்டி மூட்டையாக்கித் தந்துவிடுகிறது. களவெட்டி இல்லை, அந்தப் பேச்சும் இல்லை. அந்தச் சொற்களை இனி ஒரு பிள்ளை படிக்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு நாவலுக்குள்தான் களவெட்டி போட வேண்டும். நான் எழுதுவதற்கு அது ஒரு காரணம், மகள். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நாவலுக்கு இந்தச் சக்தி உண்டு என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஆன்டனி பர்ஜெஸ் எழுதி 1962இல் வந்த ‘எ க்ளாக்வொர்க் ஆரஞ்ச்’ என்ற நாவலில் வருகிற இளைஞர் கூட்டத்துக்குத் தனிப் பேச்சு உண்டு. பெரும்பாலும் ருஷ்ய மொழியிலிருந்து உருட்டியெடுத்த 240 அளவான சொற்கள். ஆசிரியர் அவற்றுக்கு உட்கார்ந்து விளக்கம் சொல்வதில்லை. 1978இல் சரகி, நேஷன், மைஸ்டர் என்ற மூன்று ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பெரியவர்களிடம் அந்த நாவலைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். சொற்களைச் சோதிப்போம் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. வாசித்து முடித்த சில நாட்களில் 90 சொற்களைத் தெரிவுவிடை வினாக்களாகக் கேட்டபோது சராசரியாக 76 வீதம் சரியாக வந்தது. அகராதியும் இல்லை, கொப்பியும் இல்லை. என் களவெட்டி இரவுதான் அங்கேயும் நடந்திருக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு நீங்கள் கொப்பியைத் தூக்கி வாவியில் போட்டுவிடக் கூடாது. அந்த வாசகர்களுக்கு ஆங்கிலத்தின் மற்றச் சொற்கள் எல்லாம் தெரியும். தெரியாதவை அந்தக் கூட்டத்தின் சொற்கள் மட்டும். உங்களுக்கும் எனக்கும் நிலைமை வேறு. 1998இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஓமானில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கிற மாணவர்கள் சுருக்கி இலகுவாக்கிய ஒரு நாவலை முழுவதும் வாசித்தார்கள். சோதித்த சொற்களில் ஒருவருக்குச் சராசரியாகக் கூடியது ஏறக்குறைய ஐந்துதான். எட்டுத் தரமும் அதற்கு மேலும் வந்த சொற்களே நன்றாகத் தங்கின. ஒரு முழு நாவலுக்கு ஐந்து என்றால் 61 பக்கத்தில் 742ஐக் கேட்பது நீங்கள் உங்களுக்குச் செய்கிற அநியாயம். அந்த அழுகைக்கு நியாயமில்லை.

இனி உங்கள் கணக்கையே எடுப்போம். 61 பக்கத்துக்கு 742 சொல் என்றால் பக்கத்துக்குப் பன்னிரண்டு. ஒரு பக்கத்தில் 300 சொல் என்று வைத்தால் நூற்றுக்கு நான்கு தெரியாது. உதவியில்லாமல் ஒரு கதையை வசதியாக வாசித்து விளங்க, நூற்றுக்கு 98 சொல்லாவது தெரிந்திருக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டில் ஹூவும் நேஷனும் செய்த ஆய்வு காட்டியது. அதாவது பக்கத்துக்கு ஆறுக்கு மேல் போகக் கூடாது. உங்கள் நாவல் அதைப்போல இரண்டு மடங்கு கடினம். உங்கள் மூளையில் ஒரு குறையும் இல்லை, புத்தகம்தான் முந்திக்கொண்டு வந்துவிட்டது. அதை இப்போதைக்கு வையுங்கள். ஒரு கதையை முடிக்காமல் வைப்பதை யாராவது தோல்வி என்று சொன்னால் நம்பாதீர்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு எழுதிய நாவல் ஒன்றை எடுங்கள். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து தெரியாத சொற்களை எண்ணுங்கள். நாலைந்துக்குள் நின்றால் அது உங்கள் புத்தகம். பிடித்துக்கொண்டால் அதே ஆசிரியரின் இரண்டாவது, மூன்றாவது புத்தகத்துக்குப் போங்கள். ஒரு ஆளிடம் தினமும் பேசினால் அவருக்குப் பழகிய சொற்கள் நமக்கும் ஒட்டிக்கொள்ளும். எழுத்தாளர்களும் அப்படித்தான். ஒவ்வொருவரும் தன் சொற்களுக்குத் திரும்பத் திரும்ப வருவார்கள். எட்டுத் தரம் என்ற கணக்கு அங்கே தானாக நிறையும்.

எந்தச் சொல்லுக்கு நிற்பது, எதைத் தாண்டுவது? தொல்காப்பியர் உரியியலில் இதற்கு வழி காட்டியிருக்கிறார். ‘வெளிப்படு சொல்லே கிளத்தல் வேண்டா.’ தானே வெளிப்படுகிற சொல்லுக்கு விளக்கம் வேண்டாம், வெளிப்படாததற்கு மட்டும் சொன்னால் போதும் என்கிறார். அர்த்தத்துக்கு அர்த்தம் தேடிப் போனீர்களே, அதற்கும் அங்கேயே ஒரு வரி: ‘பொருட்குப் பொருள்தெரியின் அதுவரம் பின்றே.’ பொருளுக்குப் பொருள் தேடத் தொடங்கினால் அதற்கு எல்லையே கிடையாது. பாதையில் இருந்துகொண்டு போனைத் தட்டுகிற உங்களைப் பார்த்து எழுதியதுபோல இருக்கிறது எனக்கு.

நான் செய்வது இதுதான். ஒரு சொல் முதல் தரம் வந்தால் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி, அவ்வளவுதான். கதை ஓட வேண்டும். இரண்டாம் தரம் வந்தால் இதுவாக இருக்குமோ என்று மனதுக்குள் ஒரு ஊகம். மூன்றாம் தரமும் இருட்டாகவே இருந்தால், அல்லது அந்தச் சொல் தெரியாமல் கதை அடுத்த அடி எடுத்து வைக்க முடியாவிட்டால், அப்போது அகராதி. அதுவும் அத்தியாயம் முடிந்த பிறகு. கொப்பியில் அர்த்தத்தைத் தனியே எழுத மாட்டேன், அந்த வசனத்தை முழுசாக எழுதுவேன். நம்முடைய வேளாண்மையை யோசித்துப் பாருங்கள். மண்டூரில் ‘வேளாண்மை நல்லா வந்திருக்கு’ என்றால் வயலில் நிற்கிற நெற்பயிர். பேப்பரில் வேளாண்மை என்றால் விவசாயம். ‘விருந்தோம்பி வேளாண்மை செய்தற் பொருட்டு’ என்று குறளில் வந்தால் உபகாரம். மூன்றையும் வரிசையாக எழுதி வைக்கலாம். எது எங்கே என்பதை வசனம்தான் சொல்லும். தறியும் கப்பலும் உங்களை இடறிவிட்டது அதனால்தான்.

உங்கள் ரியூசன் சேர் சொல்வதில் பாதி சரி. முந்தின காலத்தில் நிகண்டை, அதாவது பாட்டாக எழுதிய சொற்பொருள் நூலை, பாடமாக்கித்தான் படித்தார்கள், அவர்கள் பெரிய புலமைக்கு வந்தார்கள். அவர்கள் நிகண்டோடு நின்றுவிடவில்லை. காலையில் ஒப்பித்த சொல்லைப் பிறகு ஒரு பாட்டில் சந்தித்தார்கள். நீங்களும் நாளைக்குப் பத்துச் சொல் பாடமாக்குங்கள், நல்லது. அந்தப் பத்தையும் நீங்கள் வாசிக்கிற கதையிலிருந்து எடுங்கள். அவர் நாவல் வேண்டாம் என்கிற இடத்தில் மட்டும் அவரோடு நான் சேர மாட்டேன்.

அக்கா சொல்வதைக் கேட்க வேண்டாம். தமிழ் வாசிப்பை நிறுத்தினால் ஆங்கிலத்துக்கும் அது நட்டம். நாஞ்சில் நாட்டுக் கதையோ கரிசல் கதையோ வாசிக்கும்போது அங்கே எத்தனை சொல் உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கும்? ஒன்றுக்காவது நின்றீர்களா? ஊகித்துக்கொண்டு, சிலதை விட்டுவிட்டு, கதையின் கையைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். அந்தத் துணிச்சல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழில் வாசிக்கிற மாதிரி ஆங்கிலத்தில் வாசித்துப் பாருங்கள், பிழைவிடப் பயப்படாமல்.

கொப்பியை எறிய வேண்டாம். கதையில் திரும்பத் திரும்ப வந்த சொற்களாகப் பார்த்து ஒரு நாற்பதைப் பொறுக்குங்கள். பழைய பக்கங்களுக்குப் போய் அவை வருகிற வசனங்களை எழுதுங்கள். ‘லூம்’ கட்டாயம் அதில் இருக்க வேண்டும், கப்பலோடும் மூடுபனியோடும். மற்றவற்றை விட்டுவிடுங்கள். வேண்டியவை வேறொரு கதையில் திரும்பி வரும். இலகுவான புத்தகங்கள் நாலைந்து முடித்த பிறகு அந்தக் கடலோரக் கிராமத்தின் கதையை முதல் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். பாதை குருமண்வெளியை விட்டுப் புறப்படும்போது போனைப் பைக்குள் வையுங்கள். மண்டூர்த் துறையில் முட்டுகிறவரை வெளியே எடுக்காதீர்கள். அந்த ஒன்பது சொற்கள் எவை என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.