ஓட ஆசை, தலை சுற்றுகிறது

கேள்வி: எனக்கு வயது 43. எடை குறைக்க ஸ்லீவ் ஆபரேஷன் செய்து நாலு மாதம் ஆகிறது. 24 கிலோ குறைந்துவிட்டது. தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். இனி எந்த உடற்பயிற்சியும் செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆசையாக மெதுவாக ஓடிப் பார்த்தேன். நின்றதும் தலை சுற்றியது. மறுநாள் முழங்கால் வலித்தது. "நடக்கிறதே போதும்" என்கிறார் கணவர். எனக்கு மனசு கேட்கவில்லை. ஓடலாமா? வலிக்கு மாத்திரை போடலாமா?

பதில்: தாராளமாக ஓடலாம், சகோதரி. ஆனால் தலைசுற்றலுக்குக் காரணம் தெரிகிறவரை நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்களா? கடிதத்தில் எழுதவில்லை. 24 கிலோ குறைந்த பிறகு பழைய அளவு மாத்திரை உங்களுக்கு அதிகமாக இருக்கலாம். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். டாக்டரைப் பார்த்து, உட்கார்ந்தபடியும் எழுந்து நின்றும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி பரிசோதனையையும் அப்போதே முடித்துவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர். ஃபிசியோதெரபிக்கு என்னிடம் வருகிறவர்களில் பலர் சறுக்குவது இங்கேதான். ஸ்லீவில் இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது ஒரு குழாய் மாதிரி. ஓடி முடித்துவிட்டு மடமடவென்று குடித்து ஈடுகட்ட அதில் இடம் இல்லை. அதனால் நாள் முழுக்க மிடறு மிடறாகக் குடித்து ஒன்றரை லிட்டரையாவது தாண்டுங்கள். சாப்பிடும்போதும், சாப்பிட்டு அரை மணி நேரத்துக்கும் தண்ணீர் வேண்டாம். காலையில் ஓடுவதாக இருந்தால் எழுந்ததும் கிளம்பாமல், ஒரு டம்ளர் தண்ணீரை அரை மணி நேரம் வைத்துக் குடித்துவிட்டுப் போங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது. சர்க்கரை போட்ட விளையாட்டு பானங்கள் பக்கம் போகாதீர்கள்; படபடப்பும் குமட்டலும் வரலாம்.

இப்போது முழங்கால். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. முழங்காலைத் தாங்கிப் பிடிப்பது தொடைத் தசைதான். கையை ஊன்றாமல் ஒரு நாற்காலியில் மெதுவாக உட்காருங்கள். கடைசி நாலு விரல் உயரத்தில் 'தொப்'பென்று விழுகிறீர்களா? அந்த இடத்தில் தொடைக்குப் பலம் போதவில்லை. மூன்று எண்ணிக்கொண்டே இறங்கி, கை ஊன்றாமல் எழுந்திருங்கள். பத்துத் தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். புரதம் சேராமல் தசை வளராது. பொதுவாக ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது என்பார்கள். உங்கள் அளவை டயட்டீஷியன் சொல்வார். தட்டில் முதலில் புரதத்தை முடித்துவிடுங்கள். வயிறு சீக்கிரம் நிரம்பிவிடும் அல்லவா?

தலைசுற்றல் நின்று, டாக்டரும் சரி என்ற பிறகு ஓட்டம். ஐந்து நிமிடம் நடை. அப்புறம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஆறு தடவை. வாரம் மூன்று நாள், இடையில் ஒருநாள் இடைவெளி. ஓடும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். இரண்டு வாரம் சிரமமில்லாமல் போனால் ஓட்டத்தை அரை நிமிடம் கூட்டுங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் பயம் அக்கறையில் வருவது. பக்கத்தில் இருந்து பார்த்தால் குறையும்.

ஷூவுக்குக் காலை மறுபடி அளந்து பாருங்கள், பாதமும் சுருங்கியிருக்கலாம். தளர்ந்த தோல் உரசும் இடத்தில் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள்.

வலி மாத்திரை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். இரைப்பையில் புண் வரும் ஆபத்து உண்டு. பாராசிட்டமால் எவ்வளவு போடலாம் என்று ஆபரேஷன் செய்த டாக்டரிடமே கேளுங்கள். முட்டி வீங்கினாலோ நொண்டி நடக்க வேண்டி வந்தாலோ ஓடாமல் வந்து காட்டுங்கள். நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.