பழைய ஆல்ட்டோ மலை ஏறத் திணறுகிறது: சிப், கோன் ஃபில்டர் போடலாமா?

கேள்வி: என்னிடம் 2007 மாடல் மாருதி ஆல்ட்டோ இருக்கிறது, பெட்ரோல் வண்டி. 1,30,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்று வருடம் முன்பு, பழைய வண்டி விற்கும் கார் கன்சல்டிங்கில் வாங்கினேன். சமதளத்தில் பரவாயில்லை. குடும்பத்தோடு நான்கு பேர் கொல்லிமலை ஏறினால், ஏசியை நிறுத்தினாலும் பிக்கப் இல்லை. வளைவு முடிந்து இரண்டாவது கியர் போட்டால் திணறுகிறது. கோன் ஃபில்டர் (பெட்டி இல்லாத கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்), ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் (தடை குறைந்த புகைக் குழாய்), ஒரு சிப் (என்ஜின் கம்ப்யூட்டரை மாற்றும் டப்பா) மூன்றும் சேர்த்து 18,000 ரூபாய்க்குப் போட்டால் பறக்கும் என்கிறார் ஒரு மெக்கானிக். இன்னொருவர் என்ஜினை இறக்கி போர் பண்ணச் (சிலிண்டர் உள்சுவரைக் கடைந்து புது பிஸ்டன் போட) சொல்கிறார். குறைந்த செலவில் பவரைக் கூட்ட வழி உண்டா? (வாசகர், நாமக்கல்)

பதில்: இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம். உங்கள் ஆல்ட்டோவில் இருப்பது 796 சிசி, மூன்று சிலிண்டர் என்ஜின். ஷோரூமிலிருந்து வெளியே வந்த அன்றைக்கே அதன் சக்தி சுமார் 46 குதிரைத்திறன்தான், அதுவும் 6,000 ஆர்பிஎம் தாண்டி முறுக்கினால். இத்தனை வருடத்தில் அதில் ஒரு பங்கு எங்கெங்கோ கசிந்து போயிருக்கும். அந்தப் பங்கைத் திரும்ப எடுப்பதுதான் மலிவான வேலை. 46ஐ 55 ஆக்குவது மலிவான வேலை இல்லை. மலிவாக ஆக்கித் தருகிறேன் என்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

காசே செலவாகாத சோதனையிலிருந்து தொடங்குங்கள். என்ஜினை நிறுத்திவிட்டு பானெட்டைத் திறந்து வையுங்கள். வீட்டில் ஒருவரை உள்ளே உட்கார வைத்து ஆக்சிலேட்டரைத் தரை வரை மிதிக்கச் சொல்லுங்கள். கேபிள் போய் முடிகிற இடத்தில் த்ராட்டிலை (என்ஜினுக்குள் காற்றை விடும் மூடியை) திருப்பும் சின்னச் சக்கரம் ஒன்று இருக்கும். அதைக் கையால் இன்னும் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். நகர்ந்தால், மிதி முழுசாகப் போயும் த்ராட்டில் முழுசாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். கேபிள் நீண்டிருக்கும், அல்லது மிதிக்கு அடியில் தடிமனான மேட் மடிந்து கிடக்கும். கேபிளின் நட்டைத் திருகி இறுக்க ஐந்து நிமிடம் போதும். இதைப் பார்க்காமலேயே ஆயிரக்கணக்கில் செலவு செய்தவர்கள் நிறைய பேர்.

அடுத்தது பிரேக். அதிகம் பிரேக் பிடிக்காமல் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி, நான்கு வீலுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டு போய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்த வீல் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. பின் டிரம்மும் ஹேண்ட்பிரேக் கேபிளும்தான் வழக்கமாக மாட்டுகிற இடங்கள். டயர் அளவையும் பாருங்கள். உங்கள் வண்டிக்கு வந்தது 145/80 ஆர்12. முந்தைய ஓனர் அழகுக்காக 165/70 ஆர்13 போட்டிருந்தால் சுற்றளவு நான்கைந்து சதவீதம் கூடியிருக்கும். மலையில் அது கியரையே மாற்றிவிட்ட மாதிரிதான், இழுவை அந்த அளவுக்குக் குறையும். சமதளத்தில் தெரியாது.

இதெல்லாம் சரியாக இருந்தால் சில நூறு ரூபாய் செலவுகளுக்கு வாருங்கள். ஏர் ஃபில்டர், மூன்று பிளக், பெட்ரோல் ஃபில்டர், பிளக் வயர். வயரைச் சோதிக்க மீட்டர் தேவையில்லை. இருட்டில் என்ஜினை ஓடவிட்டு, தள்ளி நின்று பாருங்கள். வயரைச் சுற்றி நீலப் பொறி தாவினால் அது போய்விட்டது. கையை மட்டும் வைத்துவிடாதீர்கள். கிளட்ச் வழுக்குகிறதா என்றும் பாருங்கள்: நான்காவது கியரில் மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது என்ஜின் சத்தம் ஏறி, வேகம் ஏறாமல் இருந்தால் வழுக்குகிறது. டைமிங் பெல்ட் மாற்றிய பிறகுதான் இழுவை குறைந்தது என்றால் பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருக்கலாம். மாற்றியவரிடமே கொண்டு போங்கள், அவர் காசு கேட்கக் கூடாது.

இப்போது அந்த 18,000 ரூபாய் விஷயம். கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டி பானெட்டுக்கு வெளியே இருக்கும் குளிர்ந்த காற்றைக் குழாய் வழியாக இழுக்கிறது. கோன் ஃபில்டர் திறந்து கிடப்பதால் என்ஜின் சூட்டிலேயே இருக்கும் காற்றை இழுக்கும். காற்று 10 டிகிரி சூடானால் அடர்த்தி சுமார் மூன்று சதவீதம் குறையும். அதாவது காசு கொடுத்துப் பவரைக் குறைத்துக்கொள்கிறீர்கள். உறிஞ்சும் சத்தம் பலமாகக் கேட்பதால் வண்டி வேகமாகப் போகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். சிப்? டர்போ இல்லாத இந்தச் சின்ன என்ஜினில் ஒழுங்கான ட்யூனிங் செய்தால்கூட வருவது சொற்பம். சந்தையில் விற்கிற பிளக்-இன் டப்பாக்களில் பலவற்றின் உள்ளே லைட்டைச் சிமிட்ட வைக்கும் சர்க்யூட் மட்டும்தான் இருக்கிறது. பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தமும் டேங்கில் ஊற்றும் பாட்டிலும் அதே ரகம். 100 ஆக்டேன் பெட்ரோலும் இந்த என்ஜினுக்குப் பயன்படாது. அது தேவைப்படுகிற அளவுக்கு இதில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் அளவு) கிடையாது.

சைலன்சரில் இருக்கிற ஏமாற்று வேறு மாதிரி, அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். ஃப்ரீ ஃப்ளோ மாட்டும்போது பல இடங்களில் பழைய குழாயோடு, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் சேர்த்து அறுத்து எடுப்பார்கள். "பழைய இரும்புதானே சார், இங்கேயே விட்டுட்டுப் போங்க, கூலியில கழிச்சுக்கறேன்" என்பார்கள். அந்த உப்பிய பெட்டிக்குள் இருப்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய பீங்கான். அதை வாங்குவதற்கென்றே ஆட்கள் கடைகடையாக வருகிறார்கள். நீங்கள் கூலியில் கழித்துக்கொண்டது நூறு என்றால் அவர் பார்த்தது ஆயிரங்களில் இருக்கும். புதிது வாங்கப் போனால்தான் உங்களுக்கு விலை தெரியும். கன்சல்டிங்கில் வாங்கிய வண்டி என்பதால், உங்களுடையது இன்னும் இருக்கிறதா என்று லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். அது அடைத்துப் போயிருந்தாலும் பவர் போகும். ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது) ஒழுங்காக இருந்து, முறுக்கினால் மூச்சு முட்டுகிற மாதிரி நின்றால் அதைச் சந்தேகப்படலாம். அப்போது மாற்ற வேண்டியது அதைத்தான், குழாயை அல்ல.

சட்டமும் இருக்கிறது. ஆர்சியில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓனருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சிக்கினால் நீங்கள்தான் கட்ட வேண்டும், மாட்டிக் கொடுத்தவர் அல்ல. 2027இல் உங்கள் வண்டிக்கு மறுபடி எஃப்சி, அதாவது மறுபதிவு, வரும். "அதை நான் பார்த்துக்கறேன்" என்று கூடவே ஒரு புரோக்கர் வருவார். மறுபதிவுக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். அந்தக் காசுக்கு ஒரு பழைய வண்டியின் கம்ப்ரஷனையோ பிரேக்கையோ யாராவது கேஜ் வைத்துப் பார்க்கிறார்களா? குழாயில் கருவியைச் செருகாமலேயே புகைச் சான்று கிடைக்கிற ஊரில் இதைக் கேட்டு என்ன பயன். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலும் அப்படித்தான். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஆகவே உங்கள் மைலேஜில் கொஞ்சம் பங்க்கிலேயே போய்விடுகிறது. உங்கள் காலத்து வண்டிக்கு ஏற்ற பெட்ரோலை சாதாரண விலையில் ஒரு பம்பிலாவது வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. உங்களால் செய்யக்கூடியது, பெட்ரோல் ரப்பர் ஹோஸ்களைத் தொட்டுப் பார்த்து, வெடித்திருந்தால் மாற்றுவதுதான்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்க வேண்டும்: இந்த வண்டி எப்போதாவது கேஸில் ஓடியதா? ஆர்சியில் எரிபொருள் என்ற இடத்தைப் பாருங்கள். அதில் பெட்ரோல் என்று மட்டும் இருந்தாலும் நம்ப வேண்டாம், பதியாமல் கிட் மாட்டி ஓட்டிவிட்டு விற்கும்போது கழற்றியவர்கள் உண்டு. டிக்கி தரையில் நான்கு போல்ட் ஓட்டை, அடியில் செம்புக் குழாய் கட்டிய தடம் இருந்தால் ஓடியிருக்கிறது. பழைய வகை கிட்டில் த்ராட்டிலுக்கு முன்னால் மிக்ஸர் என்று ஒரு வளையம் மாட்டுவார்கள். நடுவில் ஒடுக்கமாக இருக்கும். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் கழற்றுகிறவர் இந்த வளையத்தை மறந்துவிடுவார். வண்டி பெட்ரோலில்தான் ஓடும், ஆனால் அந்த ஒடுக்கம் வழியாகத்தான் மூச்சு விடும். ஐடிலில் எந்தக் குறையும் தெரியாது, மலையில்தான் தெரியும். ஏர் ஹோஸைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

கேஸில் ஓடிய வண்டிக்கு இன்னொரு கேடும் உண்டு. வால்வ் சீட் (வால்வ் மூடி உட்காரும் வளையம்) வேகமாகத் தேயும். தேயத் தேய வால்வ் உள்ளே இறங்கி டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே விடும் சிறு இடம்) குறையும், ஒரு கட்டத்தில் சூடான என்ஜினில் வால்வ் முழுதாக மூடவே மூடாது. "டேப்பட் சத்தமே இல்லை, அருமையான என்ஜின்" என்று கன்சல்டிங்கில் சொல்வதை நம்பி வாங்குகிறோம். சத்தம் இல்லாததே சில சமயம் வியாதி. கேஸில் ஓடாத வண்டியிலும் இத்தனை கிலோமீட்டருக்கு டேப்பட்டை ஒரு முறை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துச் சரி பார்க்கத்தான் வேண்டும். இந்த என்ஜினில் ஸ்க்ரூ இருப்பதால் சுலபம்.

கொல்லிமலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலே ஆயிரம் மீட்டருக்கு மேல். காற்று சுமார் பத்து சதவீதம் மெலிந்திருக்கும், பவரும் அதே அளவு குறையும். காரவள்ளிப் பக்கம் 70 கொண்டை ஊசி வளைவுகளில் நான்கு பேரோடு முதல் கியர் போடுவது புது ஆல்ட்டோவுக்கும் சகஜம், அதைக் குறையாக நினைக்காதீர்கள். மைலேஜ் பழக்கத்தில் சீக்கிரம் கியரை மாற்றுவதுதான் பிரச்சினை. வளைவிலிருந்து வெளியே வந்ததும் என்ஜின் நன்றாகக் கத்துகிற வரை முதலிலேயே விட்டுவிட்டு இரண்டாவதுக்குப் போங்கள். என்ஜின் அதற்கெல்லாம் கெட்டுவிடாது.

இத்தனைக்கும் பிறகு இழுவை வரவில்லை என்றால் மட்டும் போர் பேச்சு. அதற்கு முன்னால் கம்ப்ரஷன் டெஸ்ட். மூன்று சிலிண்டரும் 160, 170 பிஎஸ்ஐ என்று அருகருகே இருந்தால் உள்ளே கை வைக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் 20, 30 குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் தேய்ந்தது பிஸ்டன் ரிங் அல்லது போர் (சிலிண்டர் சுவர்). ஏறாவிட்டால் வால்வ், ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும், போர் பண்ணுவதில் பாதிச் செலவுகூட ஆகாது. இந்த மூன்று எண்களையும் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். கேஜ் இல்லாமல், சத்தத்தைக் கேட்டே போர் பண்ணச் சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள். லாரித் தொழிலுக்குப் பேர்போன உங்கள் ஊரில் கேஜ் வைத்திருக்கும் கடையைத் தேட வெகுதூரம் போக வேண்டியிருக்காது.