பதில்: பில்1, பில்2, பில்_ஃபைனல்... எதை வைக்க?

அண்ணாச்சி, அல்வா கடை பில்லிங்ல தள்ளுபடிக்கு இஃப்-எல்ஸா (இப்படின்னா இது, இல்லன்னா அது), இன்ஹெரிட்டன்ஸா (ஒரு கிளாஸ்ல, அதாவது புரோகிராம் துண்டுல, இருந்து இன்னொண்ணு பிறக்கது), ஸ்ட்ராட்டஜியா (ஒவ்வொரு கணக்கையும் தனித்தனி கிளாஸா வச்சு மாத்திக்கிடுதது)ன்னு தெரியாம மூணையும் ஒரே ஃபோல்டர்ல வச்சிருக்கேன்னு சொல்லுதிய, நானும் பாளையங்கோட்டைல ஒரு கடைக்கு எழுதும்போது இதே கூத்துதான், எந்த கிளாஸ் ஓடுதுன்னே தெரியாம பழைய ரேட்ல பில் போயிட்டு.

மொத்த வியாபாரம், தீபாவளி, மெம்பர் கார்டு, மூணும் ஒரே பில்லுல சேரலாம்னா இன்ஹெரிட்டன்ஸ்ல ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒண்ணுன்னு 7 கிளாஸ் வேணும்வே! அதுக்குப் பதிலா ஸ்ட்ராட்டஜிய எடுங்க: தள்ளுபடின்னு ஒரு இன்டர்ஃபேஸ் (எல்லா தள்ளுபடி கிளாஸும் பின்பத்த வேண்டிய பொது வடிவம்), அதுல கணக்கு போட ஒரே மெத்தட், பில் கிளாஸ் தள்ளுபடிகள லிஸ்ட்டா வாங்கி வரிசையா கூப்பிடட்டும். வரிசைதான் முக்கியம், 1000 ரூவாக்கு முதல்ல 10% அப்புறம் 50 ரூவா கழிச்சா 850, மாத்திக் கழிச்சா 855, அந்த 5 ரூவாக்கு கடைக்காரர் நம்மள உண்டு இல்லன்னு ஆக்கிருவாரு. ஒரே ஒரு தள்ளுபடிதான்னா இஃப்-எல்ஸே போதும்.

எடுக்காத மத்ததையெல்லாம் கிட்ல (கோடோட பழைய பதிப்பெல்லாம் காத்து வைக்க டூல்) தனித்தனி பிராஞ்சா, அதாவது கிளையா போட்டுட்டு, மெயின்ங்கிற முக்கிய கிளைல இருந்து அழிச்சிருங்க, கமென்ட் பண்ணி வைக்காதிய. எதை ஏன் விட்டோம்னு அரைப் பக்கம் எழுதி புரோகிராம் கோடு கூடவே வைங்க, 2011ல மைக்கேல் நைகார்ட்ங்கிற சாஃப்ட்வேர்காரர் சொன்ன ஏடிஆர் (ஆர்க்கிடெக்சர் டெசிஷன் ரெக்கார்ட், டிசைன் முடிவுக் குறிப்பு) இதான். உங்க பில் கிளாஸோட புரோகிராம் கோட இங்க போடுங்க, பாத்துட்டு சொல்லுதேன்.