சுமையை வாங்குகிறவர்கள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் பிராட்லி பீல் என்ற வீரரை ஃபீனிக்ஸ் அணி பணம் கொடுத்து விடுவித்ததைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். நான் ஹூஸ்டனில் வசிக்கிறேன். மகனுக்காக ராக்கெட்ஸ் ஆட்டங்களைப் பார்க்க ஆரம்பித்து, இப்போது அவனைவிட நான்தான் அதிகம் பார்க்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவே இல்லை. ஒரு வீரருக்குத் தகுதிக்கு மீறிய சம்பளம், இன்னும் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தம் பாக்கி. அவரைத் தள்ளிவிட ஓர் அணி நினைப்பது புரிகிறது. ஆனால் இன்னோர் அணி ஏன் வாங்குகிறது? அவர்கள் என்ன முட்டாள்களா? இன்னொன்று, மனிதர்களை மாட்டுச் சந்தையில் போல இப்படிக் கைமாற்றுவது உங்களை உறுத்தவில்லையா? உங்கள் குறிப்பில் வெறும் கணக்குதான் இருந்தது. புதிய விதிகளுக்குப் பிறகு இதெல்லாம் நின்றுவிடும் என்கிறான் என் மகன். அது உண்மையா?

ஒரு வாசகர், ஹூஸ்டன்

அன்புள்ள நண்பருக்கு,

முட்டாள்கள் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் தேடும் இடத்தில் இல்லை. டிரேட், அதாவது அணிகள் வீரர்களைக் கைமாற்றிக்கொள்வது, நடக்கும் நாளில் இரண்டு பக்கமும் கணக்குத் தெரிந்தவர்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். அசட்டுத்தனம் அதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்பே, ஒப்பந்தம் கையெழுத்தான அன்றைக்கே, நடந்து முடிந்திருக்கும்.

2016 கோடையை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தின் பணம் வந்து கொட்டியதில் என்பிஏ அணிகளின் மொத்தச் சம்பள உச்சவரம்பு ஒரே ஆண்டில் 7 கோடி டாலரிலிருந்து 9.4 கோடிக்குத் தாவியது. எல்லோர் கையிலும் காசு, வாங்கத்தான் ஆள் இல்லை. லேக்கர்ஸ் அணி டிமோஃபி மோஸ்காவ் என்ற ரஷ்ய நெட்டையருக்கு நான்கு ஆண்டுகளுக்கு 6.4 கோடி டாலர் எழுதிக்கொடுத்தது. அந்த ஆண்டு கிளீவ்லாந்து கோப்பையை வென்றபோது இறுதிப் போட்டிகளில் பெரும்பாலும் பெஞ்சில் இருந்தவர் அவர். லூல் டெங்குக்கு 7.2 கோடி. ஒரே வருடத்தில் லேக்கர்ஸுக்குத் தெளிந்துவிட்டது. 2017 ஜூனில் மோஸ்காவை புரூக்ளினுக்கு அனுப்பினார்கள். சும்மா அனுப்பினால் யார் வாங்குவார்கள்? கூடவே டி'ஆஞ்செலோ ரஸ்ஸலையும் கொடுத்தார்கள். இரண்டே ஆண்டுகளுக்கு முன் டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் நிகழ்வில், இரண்டாவது ஆளாக எடுத்த பையன். பதிலுக்கு வந்தது ஓராண்டு ஒப்பந்தம் மிச்சமிருந்த புரூக் லோபஸும், டிராஃப்டின் முதல் சுற்றில் 27ஆவது தேர்வும், அதாவது 27ஆவதாக ஒரு புது வீரரை எடுக்கும் உரிமையும்.

இங்கே ஒரு கிளைக்கதை, சொல்லாமல் போக மனம் வரவில்லை. அந்த 27ஆவது தேர்வில் எடுத்த கைல் குஸ்மாவை லேக்கர்ஸ் 2021இல் வேறு சிலரோடு சேர்த்து வாஷிங்டனுக்குக் கொடுத்து ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கை வாங்கியது. வெஸ்ட்புரூக் பெரும் சுமையானார். 2023 பிப்ரவரியில் 2027இன் முதல் சுற்றுத் தேர்வு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்து அவரை அனுப்பினார்கள். அந்த மும்முனை டிரேடில் லேக்கர்ஸுக்கு வந்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே டி'ஆஞ்செலோ ரஸ்ஸல். ஒரு சுமையை இறக்க விலையாகப் போனவர், இன்னொரு சுமையை இறக்கியபோது திரும்பி வந்தார். மோஸ்காவ் இதற்கிடையில் புரூக்ளினிலிருந்து சார்லட்டுக்கும், சார்லட்டிலிருந்து ஒர்லாண்டோவுக்கும் காகிதத்திலேயே பயணம் போனார். 2018க்குப் பிறகு என்பிஏவில் அவர் ஆடவே இல்லை.

சரி, உங்கள் கேள்வி. ஏன் வாங்குகிறார்கள்?

என்பிஏவில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் முழு உத்தரவாதம் கொண்டவை. வீரர் சரியாக ஆடவில்லை என்பதற்காகச் சம்பளத்தை வெட்ட முடியாது. அதோடு, உச்சவரம்பைத் தாண்டிய அணி டிரேடில் தான் அனுப்பும் சம்பளத்துக்கு ஏறத்தாழ ஈடான சம்பளத்தைத்தான் உள்ளே எடுக்கலாம். இந்த இரண்டு விதியும் சேர்ந்ததும் விசித்திரமான ஒன்று நடக்கிறது. ஒப்பந்தம் ஆளைவிட்டுத் தனியாகக் கழன்று நாணயமாகிவிடுகிறது. 4 கோடி டாலர் வாங்கும் நட்சத்திரத்தைக் கொண்டுவர வேண்டுமென்றால் ஏறக்குறைய 4 கோடிக்கான ஒப்பந்தம் உங்களிடம் இருக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்துக்குச் சொந்தக்காரர் நன்றாக ஆடுகிறாரா என்பது இரண்டாம் பட்சம்.

இது எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு 2008 பிப்ரவரியில் ஜேசன் கிட் டல்லஸுக்குப் போன கதையைப் பாருங்கள். நியூ ஜெர்சியோடு எல்லாம் பேசி முடித்தாயிற்று. பதிலுக்கு டல்லஸ் அனுப்பவிருந்த டெவீன் ஜார்ஜ் என்ற சாதாரண வீரர் போக முடியாது என்றுவிட்டார். அவருடைய ஓராண்டு ஒப்பந்தத்தில் அப்படி மறுக்கும் உரிமையை விதிகளே கொடுத்திருந்தன. சம்பளக் கணக்கு உதைத்தது. டல்லஸ் என்ன செய்தது? 2006க்குப் பிறகு ஆடாமல் வீட்டில் இருந்த கீத் வான் ஹோர்னின் உரிமை இன்னும் தன்னிடம் இருப்பதைக் கண்டுபிடித்தது. அவரோடு சுமார் 43 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டு, கையோடு நியூ ஜெர்சிக்கு அனுப்பியது. கணக்கு நேரானது. வான் ஹோர்ன் நியூ ஜெர்சிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அப்புறம் விதியை மாற்றி இந்த ஓட்டையை அடைத்தார்கள். நான் படித்த டிரேட் கதைகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

ஆக, வாங்குகிறவர் ஆளை வாங்குவதில்லை, அனேகமாகக் காலத்தை வாங்குகிறார். இந்த ஆண்டே ஜெயித்தாக வேண்டும் என்று துடிக்கும் அணிக்கு ஒரு ஒப்பந்தம் சுமை. ஐந்தாண்டு கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கும் அணிக்கு அதே ஒப்பந்தம் வாடகை வருமானம். 'எங்களிடம் இடம் காலியாக இருக்கிறது, உங்கள் ஆளை நாங்கள் வைத்துக்கொள்கிறோம், வாடகையாக எதிர்கால டிராஃப்ட் தேர்வைக் கொடுங்கள்.' இதை ஒரு கலையாகவே ஆக்கியவர் ஓக்லஹோமா சிட்டி அணியின் நிர்வாகி சாம் பிரெஸ்டி.

ஆல் ஹோர்ஃபோர்ட் விஷயத்தைச் சொல்கிறேன். 2019இல் பிலடெல்பியா அவருக்கு நான்கு ஆண்டுக்கு 10.9 கோடி வரை போகும் ஒப்பந்தம் கொடுத்தது. ஏற்கெனவே ஜோயல் எம்பீட் நிற்கும் இடத்தில் இன்னொரு பெரிய ஆள். பொருந்தவில்லை. 2020 டிசம்பரில் 2025இன் முதல் சுற்றுத் தேர்வையும் இணைத்து அவரை ஓக்லஹோமாவுக்கு அனுப்பினார்கள். அங்கே 28 ஆட்டங்கள் ஆடினார். இளைஞர்களுக்கு இடம் வேண்டும் என்று மிச்சப் பருவம் முழுக்க உட்கார வைத்துவிட்டார்கள். 2021 ஜூனில் பாஸ்டன் தன் சுமையான கெம்பா வாக்கரையும் 16ஆவது தேர்வையும் கொடுத்து ஹோர்ஃபோர்டை எடுத்துக்கொண்டது. பிரெஸ்டிக்கு இரண்டு பக்கமும் வாடகை! அந்த 16ஆவது தேர்வை அவர் உங்கள் ஊருக்கே விற்று மேலும் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகள் வாங்கினார். அதில் ஹூஸ்டன் எடுத்த பையன்தான் நீங்கள் இப்போது பார்த்து மகிழும் ஆல்பெரன் ஷெங்குன்.

ஹோர்ஃபோர்ட்? அதே ஆள், அதே ஒப்பந்தம். 2022இல் பாஸ்டனோடு இறுதிச் சுற்று ஆடினார். பிறகு குறைந்த சம்பளத்தில் தொடர்ந்து 2024இல் கோப்பையும் வென்றார். பிலடெல்பியா கொடுத்த அந்தத் தேர்வு முதல் ஆறு இடத்துக்குள் விழுந்தால் பிலடெல்பியாவுக்கே, தாண்டினால் ஓக்லஹோமாவுக்கு என்று நிபந்தனை. டிராஃப்ட் வரிசையை முடிவுசெய்யும் 2025 மே மாதக் குலுக்கலில் பிலடெல்பியாக்காரர்கள் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எதற்காக? ஐந்தாண்டு முன்பு ஹோர்ஃபோர்டை இறக்கிவிட்ட கடனுக்காக. மூன்றாவது இடம் விழுந்தது, பிழைத்தார்கள்.

உங்கள் ஹூஸ்டனுக்கு வருவோம். சொந்த நட்சத்திரங்கள் ஓடிப்போகாமல் இருக்கவே 'சூப்பர்மேக்ஸ்' என்ற பெருஞ்சம்பள ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். 2017 கோடையில் அப்படிக் கையெழுத்திட்டவர்கள் நான்கு பேர்: ஸ்டெஃப் கரி, ஜேம்ஸ் ஹார்டன், ஜான் வால், வெஸ்ட்புரூக். 2021 ஜனவரிக்குள் கரி தவிர மூவரும் அணி மாறிவிட்டார்கள். அந்த மூவருமே ஹூஸ்டன் சட்டையைப் போட்டவர்கள்! 2019இல் கிறிஸ் பாலின் 16 கோடி ஒப்பந்தம் யாரும் தொடாத ஒன்று என்ற பேச்சு இருந்தது. ஹூஸ்டன் அவரோடு இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும், மேலும் இரண்டு ஆண்டுகளின் தேர்வுகளை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் கொடுத்து வெஸ்ட்புரூக்கை வாங்கியது. அடுத்த ஆண்டே அவரைக் கொடுத்து வாலை வாங்கியது. அந்தப் பருவத்தில் வால், வெஸ்ட்புரூக் இருவரின் சம்பளமும் 4.1 கோடி டாலருக்குச் சற்று மேல். கிட்டத்தட்ட சரிசமம். கால் தசைநார் அறுந்து நீண்ட நாள் ஆடாதவர் வால், ஆகவே வாஷிங்டன் மேல்கட்டாக ஒரு தேர்வும் கொடுத்தது. யாரும் தொடாத கிறிஸ் பால் என்ன ஆனார்? ஓக்லஹோமாவை பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார், அங்கிருந்து ஃபீனிக்ஸ் போய் 2021இல் அவர்களை இறுதிச் சுற்றுக்கே இழுத்துச் சென்றார்.

உறுத்தவில்லையா என்று கேட்டீர்கள். டிரேடில் வீரரின் சம்பளத்தில் ஒரு சென்ட்கூடக் குறையாது. சில ஒப்பந்தங்களில் டிரேட் ஆனால் கூடுதல் பணம் என்றுகூட இருக்கும். விதிகள் எல்லாம் வீரர்களின் சங்கம் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்டவை. எந்த மாட்டுக்கும் சங்கம் கிடையாது. அதனால் டிரேட் என்னை அவ்வளவாக உறுத்துவதில்லை. உறுத்துவது வேறொன்று. 2021–22 பருவத்தில் ஜான் வால் ஒரே ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. காயம் இல்லை. முந்தைய பருவத்தில் 40 ஆட்டம் ஆடியவர். அணிக்கு இளைஞர்களை வளர்க்க வேண்டும், அவருடைய ஒப்பந்தத்தைத் தொட வேறு அணியும் இல்லை. 31 வயதில், 4.4 கோடி டாலர் சம்பளத்தோடு, சாதாரண உடையில் ஒரு பருவம். அந்தப் பணத்துக்காக அவர்மேல் பொறாமைப்படுகிறவர்களிடம் நான் வாதாட மாட்டேன். ஆனால் ஆட்டக்காரனுக்கு ஆடும் ஆண்டுகள் எண்ணி வைக்கப்பட்டவை, அதில் ஒன்றைச் சும்மா எரித்தார்கள். பிரெஸ்டியின் சாமர்த்தியத்தை மெச்சும்போதும் ஹோர்ஃபோர்டை உட்காரவைத்தது எனக்குக் கசக்கத்தான் செய்கிறது.

உங்கள் மகன் சொல்வது பாதி சரி. லீகும் வீரர்களின் சங்கமும் 2023இல் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு 'செகண்ட் ஏப்ரன்' என்ற மேல்வரம்பைத் தாண்டிய அணி இரண்டு மூன்று பேரின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய ஆளை வாங்க முடியாது. அனுப்புவதைவிட ஒரு டாலர் அதிகமாகவும் எடுக்க முடியாது. பீல் கதை இதில் மாட்டியதுதான். 2022இல் வாஷிங்டன் அவருக்கு ஐந்தாண்டுக்கு 25.1 கோடியும், தன் சம்மதமின்றி டிரேட் கூடாது என்ற ஷரத்தும் கொடுத்தது. அந்த ஷரத்து அவரோடேயே ஃபீனிக்ஸுக்கும் வந்தது. 2025 பிப்ரவரியில் ஜிம்மி பட்லர் என்ற நட்சத்திரம் கிடைப்பார் போலிருந்தபோது பீலின் 5 கோடியை அனுப்புவதுதான் நடைமுறையில் ஒரே வழி. பெஞ்சுக்குத் தள்ளப்பட்டிருந்த நிலையிலும் பீலின் சம்மதம் இல்லாமல் எதுவும் நகரவில்லை. பட்லர் கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனார்.

கடைசியில் ஜூலையில், பாக்கி இருந்த சுமார் 11 கோடியில் 1.39 கோடியை பீல் விட்டுக்கொடுக்க, மிச்சத்தை நீட்டி எழுதினார்கள். பாக்கி ஆண்டுகளை இரட்டித்து ஒன்று கூட்ட வேண்டும் என்பது விதி. இரண்டு ஆண்டு ஐந்தானது. 2029–30 வரை ஆண்டுக்கு ஏறக்குறைய 1.94 கோடி டாலர், தங்களுக்கு ஆடாத ஒருவர் பெயரில் ஃபீனிக்ஸ் கணக்கில் நிற்கும். வாங்க ஆள் கிடைக்காதபோது சுமை தன் மேலேயே விழுகிறது, அவ்வளவுதான். வியாபாரம் நிற்காது, வடிவம் மாறும்.

அதே கோடையில் ஃபீனிக்ஸிலிருந்து உங்களுக்கு கெவின் டுரான்ட் வந்தார். அக்டோபரில் அவருக்கு ஹூஸ்டன் இன்னும் இரண்டு ஆண்டுக்கு 9 கோடி எழுதிக்கொடுத்தது, அப்போது அவருக்கு வயது 37. அதையும் சுமை என்று உங்கள் மகன் சொன்னால் நான் இப்போதைக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். கேட்டுப் பெற்றிருக்கக்கூடிய அதிகபட்சத்தைவிடக் குறைவாகத்தான் அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், ஆண்டும் இரண்டுதான்.

அன்புடன்