பச்சை ஒளி – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சிப்ரோஃபிளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை சாப்பிட்டவரின் சிறுநீரில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று, டெர்பியம் என்ற உலோகத்தைச் சேர்த்து, புற ஊதா ஒளி பாய்ச்சி, அதில் எழும் பச்சை ஒளியைக் கொண்டு அளக்கிறேன். உறவினர்கள் கேட்டால் 'மருந்து ஆராய்ச்சி' என்று மழுப்பிவிடுவேன். 'லூமினசென்ஸ்' என்பதற்கு நல்ல தமிழ்ச்சொல் என்ன? சித்த மருத்துவத்தின் நெய்க்குறியை இதன் முன்னோடி எனலாமா?

ர.

அன்புள்ள ர.,

ஒளிர்வு. அதற்குமேல் மெனக்கெட வேண்டாம். நெய்க்குறி, சிறுநீரில் விட்ட எண்ணெய்த் துளி பாம்பாக நீள்கிறதா, மோதிரமாகப் பரவுகிறதா, முத்தாக நிற்கிறதா என்று பார்த்து நோயைக் கணிப்பது. மருந்தை அளப்பதல்ல. முன்னுரையில் கொண்டுபோய் ஒட்டிவிடாதீர்கள்.

மழுப்புகிறேன் என்றீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். என்ன கூச்சம் இது? 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலருக்குப் பெனிசிலின் செலுத்தினார்கள். முகமெல்லாம் சீழ், ஒரு கண்ணை எடுத்தாகிவிட்டது. ஊசி போட்டதும் காய்ச்சல் தணிந்தது, சாப்பிட ஆரம்பித்தார். கையிருப்போ சொற்பம். உடலில் தங்காமல் சிறுநீரில் இறங்கிவிடும் மருந்து அது. அவருடைய சிறுநீரைப் பிடித்து, சைக்கிளில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், மருந்தைப் பிரித்து அவருக்கே திரும்ப ஏற்றினார்கள். அப்படியும் தீர்ந்துபோயிற்று. மார்ச் 15 அன்று இறந்தார். வழியில் யாராவது நிறுத்திக் கேட்டிருந்தால் அந்தச் சைக்கிள்காரர் மழுப்பியிருப்பாரா?

என் அப்பா படுக்கையில் கிடந்தபோது சிறுநீர்ப் பையின் அளவுக்கோட்டைப் பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலை. இரவு 2 மணி, 40 மில்லி. 4 மணி, 90. அந்தத் தொண்ணூறைப் பார்த்து அழுதேன். பையை வடிக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்ட அண்ணனோடு இன்றுவரை எனக்குச் சரியான பேச்சில்லை.

போகட்டும். உங்கள் முறையில் எனக்குப் பிடித்தது அதிலுள்ள காத்திருப்பு. புற ஊதா ஒளி பட்டால் சிறுநீரும் தன் பங்குக்கு ஒளிரும். சில நானோநொடிகளில் அணைந்துவிடும். மருந்தைப் பற்றிக்கொண்ட டெர்பியத்தின் பச்சை அதைவிடப் பல்லாயிரம் மடங்கு நேரம் நிற்கும். முதல் வெளிச்சம் ஓயட்டும் என்று பொறுத்து அளந்தால் மருந்து தனியாகத் தெரியும். பந்தி முடிந்து ஊர் கலைந்தபின் கல்யாண வீட்டில் மிச்சமிருப்பவர்களை எண்ணுவது போல. இதைச் சொன்னால் உங்கள் பாட்டிக்கும் புரியும். அடுத்த முறை சித்தப்பா கேட்டால் 'சிறுநீர்' என்றே சொல்லுங்கள், அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தாலும் சரி.

அந்தப் பச்சையைப் படமெடுத்து எனக்கு ஒன்று அனுப்புங்கள்.