ஊசி குத்திக்கொள்பவருக்குத் தெரியாதா?

கேள்வி: சர்க்கரை நோய் ஆராய்ச்சியில் நோயாளிக்கு ரத்தம் கொடுப்பதைத் தவிர வேறு என்ன வேலை இருக்கிறது? (வாசகர், கரூர்)

பதில்: நல்லா கேட்டீர்கள்! அமெரிக்காவின் டானா லூயிஸ் டாக்டர் அல்ல, டைப் 1 (உடம்பே இன்சுலின் சுரக்காத வகை) சர்க்கரை நோயாளி. சர்க்கரை இறங்கும்போது உடம்பில் ஒட்டிய சென்சார் எழுப்பும் அலாரம் அவர் தூக்கத்தைக் கலைக்கும் அளவுக்குச் சத்தமாக இல்லை, கம்பெனி எப்போது சரிசெய்யும் என்று காத்திருக்காமல் நண்பரோடு சேர்ந்து சத்தமான அலாரத்தைத் தானே செய்தார், அது வளர்ந்து சர்க்கரை அளவைப் பார்த்து பம்ப் வழியாக இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் 'ஓப்பன்ஏபிஎஸ்' ஆனது. 2015-ல் அந்தச் செயல்முறையை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்.

ஆபத்தான விளையாட்டு என்று சொன்னவர்களும் உண்டு (பயம் நியாயம்தான், இன்சுலின் கூடினால் உயிருக்கே உலை). சரி, சோதித்துப் பார்ப்போம் என்று நியூசிலாந்தில் 97 பேரிடம் 24 வாரம் ஆய்வு நடந்தது. இதே கணக்கு முறையில் இயங்கும் கருவியைப் பயன்படுத்தியவர்களுக்குச் சர்க்கரை சரியான அளவில் நின்ற நேரம் 71 சதவீதம், மற்றவர்களுக்கு 54 சொச்சம். 2022-ல் வெளியான அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் டானாவும் ஒருவர். அப்புறம், எந்தக் கேள்வியை ஆராய வேண்டும் என்று முடிவுசெய்யும் இடத்திலேயே நோயாளி உட்கார வேண்டும் என்பது என் கட்சி. சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதோடு முடிந்தால் அது பங்கேற்பே அல்ல.