கார் ஸ்பீக்கருக்கு ஏத்த ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) எப்படி பாக்கறது, அதுல இருக்கற கெயின் திருக எங்க வெக்கறது?

கேட்டிருக்கறது இதான்: ஸ்விஃப்ட்ல 4 டோர் ஸ்பீக்கர், ஒவ்வொண்ணும் 60 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து ஓடற பவர்), 4 ஓம் (கரண்டுக்கு காட்டற தடை). அதுக்கு 75 வாட் வீதம் 4 சேனல் ஆம்ப் பாத்து வெச்சிருக்கார். டிக்கில பாஸுக்கு மட்டும் 12 இன்ச் சப்வூஃபர் ஒண்ணு, 250 வாட், டூயல் 4 ஓம் காயில், அதுக்குத் தனியா ஒரு மோனோ (ஒரே சேனல்) ஆம்ப். ஃபிட்டிங் பண்றவர் "கெயின முக்கால்வாசி திருப்பி வெச்சிக்கங்க சார், நல்லா அடிக்கும்"ன்னு சொல்றாராம், சரியான்னு கேக்கறார்.

ஆம்ப் செலக்‌ஷன் சரி ப்ரோ. ஃபிட்டர் சொன்னது தப்பு.

நானும் அதே முக்கால்வாசில வெச்சவன்தான். சென்னைலேந்து ஊருக்கு போற வழியில திண்டிவனம் தாண்டி இருக்கும், லெஃப்ட் சைடு முன் டோர்லேந்து முதல்ல ஒரு கரகரப்பு, அப்புறம் ஏதோ மோட்டார் காயில் தீயற மாதிரி வார்னிஷ் வாசனை, நான் வண்டிலதான் ஏதோன்னு பயந்து ஓரங்கட்டி பானெட்டெல்லாம் திறந்து பாத்தேன். ஊருக்கு போயி டோர் பேட கழட்டி கோன விரலால மெதுவா அமுக்கினா பேப்பர் மேல மணல் போட்டு தேய்க்கற சத்தம். பிரிச்சு பாத்தா செம்பு கலர்ல இருக்க வேண்டிய காயில் கருப்பா ஆகி ஒரு சுத்து கழண்டு தொங்குது. 60 வாட் ஸ்பீக்கர், 50 வாட் ஆம்ப். ஆம்ப் வாட்டு ஸ்பீக்கர விட கம்மி, அப்புறம் எப்படி எரிஞ்சது?

எங்க மாமா கோவில்பட்டி பக்கம் ரொம்ப வருஷம் ரேடியோ செட் வெச்சிருந்தவர், கல்யாணம், கோயில் கொடைன்னா குழாய் ஸ்பீக்கர் கட்ட அவர்தான். காயில வாங்கி பாத்துட்டு "ஆம்ப்ளிஃபயர அழ விட்ருக்க மாப்ள"ன்னார். அதுதான் கிளிப்பிங். ஆம்ப் தன்னால முடிஞ்ச வோல்டேஜ் வரைக்கும்தான் சிக்னல தூக்கும், அதுக்கு மேல தூக்கச் சொன்னா அலையோட மண்டைய வெட்டி தட்டையாக்கி அனுப்பிடும். அப்படி முழுசா சதுரமா ஆயிட்ட அலையில, அதே உயரமுள்ள ஒழுங்கான அலைய விட ரெண்டு மடங்கு பவர் இருக்கு. 50 வாட் ஆம்ப் கிட்டத்தட்ட 100 வாட் வரைக்கும் சூட்ட காயில்ல கொட்டும். "வாட் கம்மியா ஆம்ப் போட்டா ஸ்பீக்கர் போயிரும்"ன்னு ஊர்ல சொல்றது இதத்தான் அரைகுறையா சொல்றது. கம்மி பவர்னால எதுவும் எரியாது, பத்தலைன்னு நாமதான் திருகறோம் பாருங்க, அதுல எரியும்.

சரி, மேட்சிங்குக்கு வருவோம். டப்பா மேல பெருசா 400 வாட், 1000 வாட்னு போட்டிருக்கறத கண்ணால கூட பாக்காதீங்க, அது பீக், கண நேர உச்சம். ஸ்பீக்கர்லயும் ஆம்ப்லயும் ஆர்.எம்.எஸ். எத்தன, எத்தன ஓம்ல அந்த வாட்டு, இது ரெண்டுதான் கணக்கு. ஸ்டீரியோ மேலயே 50 வாட் இன்ட்டு 4ன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான், உண்மையில சேனலுக்கு 20 வாட்ட ஒட்டித்தான் வரும். உங்களுக்கு 60க்கு 75ங்கறது நல்ல ஜோடி, கொஞ்சம் கூட இருக்கறது நல்லதுதான், ஆம்ப் மூச்சு வாங்காது. அந்த 15 வாட் வித்தியாசம் சத்தத்துல வெறும் 1 டெசிபல், காதுக்கு அவ்வளவா தெரியாது. பவர ரெண்டு மடங்காக்கினாலே 3 டெசிபல்தான் ஏறும், அதனால 100 வாட் ஆம்ப் வாங்கலாமான்னு இன்னும் ரெண்டாயிரம் மூவாயிரம் கூட போட்டு யோசிக்காதீங்க, அந்த காச ஒயர்ல போடுங்க.

சப்வூஃபர்லதான் நீங்க உஷாரா இருக்கணும். டூயல் 4 ஓம்னா ரெண்டு காயில், பேரலல்ல (பிளஸ் பிளஸோட, மைனஸ் மைனஸோட) போட்டா 2 ஓம், சீரிஸ்ல (ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணா) போட்டா 8 ஓம். 4 ஓம் வரவே வராது. உங்க மோனோ ஆம்ப் 2 ஓம் ஸ்டேபிள்னு (2 ஓம தாங்கும்னு) போட்டு 2 ஓம்ல 300 வாட் வரைக்கும் குடுத்தா பேரலல்ல போடுங்க, சரியா உக்காரும். ஆனா மோனோ எதுக்கு, 4 சேனல் ஆம்ப்லயே ரெண்டு சேனல பிரிட்ஜ் பண்ணி, அதாவது ஒண்ணா சேத்து, இதையும் ஓட்டிடலாம்னு யாராவது ஐடியா குடுப்பாங்க, கேக்காதீங்க. பிரிட்ஜ்ல 2 ஓம் மாட்டினா ஒவ்வொரு சேனலுக்கும் அது 1 ஓம் மாதிரி தெரியும், நல்ல ஆம்ப்பா இருந்தா சிவப்பு லைட் எரிஞ்சு புரொடெக்ட்ல போய் நிக்கும், சுமாரான ஆம்ப்னா புகை. மாட்டறதுக்கு முன்னாடி மீட்டர ஓம்ல வெச்சு ஒயர் நுனியில பாத்துருங்க. 4 ஓம் ஸ்பீக்கர் 3.2லேந்து 3.6 வரைக்கும் காட்டும், பழுதுன்னு நெனச்சு கடைக்கு தூக்கிட்டு போயிடாதீங்க, மீட்டர் டி.சி.ல அளக்கறதால அப்படித்தான் காட்டும்.

இப்ப கெயின். இது வால்யூம் இல்ல. ஸ்டீரியோவோட ஆர்.சி.ஏ. அவுட்ல (ஆம்ப்புக்கு சிக்னல் போற சாக்கெட்) ஃபுல் சத்தத்துல வர்றது செட்ட பொறுத்து 2 வோல்ட்டோ 4 வோல்ட்டோ இருக்கும், அந்த கெயின் திருகு பக்கத்துல 0.2 வோல்ட்லேந்து 6 வோல்ட்னு போட்டிருக்கும் பாருங்க, எத்தன வோல்ட் உள்ள வந்தா ஆம்ப் தன் முழு பவருக்கு போகணும்னு சொல்றதுதான் அது. 4 வோல்ட் ஸ்டீரியோவ மாட்டிட்டு திருக 0.2 பக்கம் தள்ளினா வால்யூம் கொஞ்சம் ஏத்தினதுமே ஆம்ப் உச்சிக்கு போயிரும், அதுக்கு மேல ஏத்தறதெல்லாம் அழுகைதான். ஃபிட்டருங்களுக்கு இது பிடிக்கும், ஏன்னா கடை வாசல்ல வால்யூம் 10ல வெச்சே அதிர விட்டு காட்டலாம், நீங்களும் அசந்து போயி காசு குடுப்பீங்க. இன்னொண்ணு, கெயின் கம்மியா இருந்தா ஸ்பீக்கர் சேஃப்ங்கறதும் முழு உண்மை இல்ல, வால்யூம தூக்கினா அதே பவர் வரத்தான் செய்யும்.

அளந்து வெக்கறதுக்கு ஒரு கணக்கு போதும்: வாட்ட ஓமால பெருக்கி ஸ்கொயர் ரூட் எடுங்க, வர்றதுதான் ஆம்ப் அவுட்ல இருக்க வேண்டிய வோல்ட். உங்க டோர் ஸ்பீக்கருக்கு 60 இன்ட்டு 4, 240, ரூட் எடுத்தா 15.5 வோல்ட். சப்புக்கு 250 இன்ட்டு 2, 500, ரூட் 22.4 வோல்ட். ஆம்ப்போட வாட்டு, ஸ்பீக்கரோட வாட்டு ரெண்டுல எது கம்மியோ அத போடணும், இத மறந்துடாதீங்க.

அப்புறம் ஸ்பீக்கர் ஒயர் எல்லாத்தையும் ஆம்ப்லேந்து கழட்டிடுங்க, இல்லன்னா நாம அளக்க போடப்போற டோன் சத்தத்துல காதும் போகும் ஸ்பீக்கரும் போகும். ஸ்டீரியோல பாஸ், ட்ரெபிள் எல்லாம் ஜீரோ, லவுட்னஸ் ஆஃப், ஆம்ப்ல பாஸ் பூஸ்ட் ஜீரோ, ஃபில்டர் ஆஃப், கெயின் மொத்தமா இடது பக்கம் கீழ. இன்ஜின் ஓடணும், ஏன்னா ஆஃப்ல பேட்டரி 12.6 வோல்ட்ல நிக்கும், ஓடும்போது 14 பக்கம் வரும், பாதி ஆம்ப்புங்களுக்கு டப்பால போட்டிருக்கற வாட்டு 14.4ல அளந்ததுதான். ஷெட்டுக்குள்ள கதவ சாத்திட்டு இன்ஜின் ஓட்டாதீங்க, வாசல்ல வெச்சு பண்ணுங்க. வால்யூம முக்கால்வாசிக்கு, அதாவது 62 வரைக்கும் போற செட்டுன்னா 46 பக்கம் வெச்சு, 0 டெசிபல் சைன் டோன் (ஃபுல் லெவல்ல ஒரே சீரா வர்ற ஒரு சத்தம்) பென் டிரைவ்ல போட்டு ஓட விட்டு, மீட்டர ஏ.சி. வோல்ட்ல ஆம்ப் ஸ்பீக்கர் டெர்மினல்ல வெச்சுக்கிட்டு கெயின மயிரிழை மயிரிழையா திருப்புங்க. 15.5 வந்ததா, கைய எடுங்க. இன்னொரு ஜோடி சேனலுக்கும் அதே மாதிரி, சப்புக்கு தனியா.

எந்த டோன்னு கேப்பீங்க. நெட்ல எல்லாரும் 1000 ஹெர்ட்ஸ்னு சொல்வாங்க, ஆனா நம்ம கையில இருக்கறது ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின மஞ்சள் கலர் சல்லிசு மீட்டர், அது ஏ.சி.ல 400 ஹெர்ட்ஸ் சுமாருக்கு மேல நம்பற மாதிரி காட்டாது. அதனால டோர் ஸ்பீக்கருக்கு 300 ஹெர்ட்ஸ் போடுங்க, சப்புக்கு 50. அதுல ஏ.சி. ரேஞ்சு 200லதான் ஆரம்பிக்கும், பரவால்ல, பாயிண்ட்டுக்கு பின்னாடி ஒரு நம்பர் காட்டுது, நமக்கு போதும். ஒரு விஷயம் மட்டும், மீட்டருக்கு வெட்டுப்பட்ட அலை எது நல்ல அலை எதுன்னு தெரியாது. திருப்ப திருப்ப வோல்ட் ஏறிக்கிட்டே வந்து 13ல மந்தமாச்சுன்னா உங்க ஆம்ப் சொன்ன வாட்டு குடுக்கலன்னு அர்த்தம், 12க்கு இறக்கிட்டு அதோட விடுங்க. அலைய திரையில காட்டற ஆசிலோஸ்கோப் வெச்சிருக்கற ஃப்ரெண்டு இருந்தா அவர கூப்டுங்க, டீ வாங்கி குடுத்து முடிச்சிடலாம்.

முடிஞ்சதும் வால்யூம ஜீரோ பண்ணிட்டு ஸ்பீக்கர மாட்டுங்க. டோர் சேனலுக்கு ஹை பாஸ் (அதுக்கு கீழ வர்றத வெட்டற ஃபில்டர்) 80 ஹெர்ட்ஸ், சப்புக்கு லோ பாஸ் (அதுக்கு மேல வர்றத வெட்டறது) 80. என் ஸ்பீக்கர் செத்ததுல பாதி பங்கு இந்த ஹை பாஸ போடாததுக்கும் உண்டு, 6 இன்ச் கோன 30 ஹெர்ட்ஸுக்கு ஆட விட்டா பாவம் அது என்ன பண்ணும். பழைய பாட்டுங்க ரெக்கார்டிங் லெவல் கம்மியா இருக்கறதால சத்தம் பத்தாத மாதிரி இருக்கும், அதுக்கு வால்யூம இன்னும் ரெண்டு மூணு பாயிண்ட் ஏத்திக்கங்க, கெயின தொடாதீங்க. மாமா திருகு நிக்கற இடத்துல அத்தையோட ஸ்டிக்கர் பொட்டு ஒண்ண ஒட்டி வெப்பார், நானும் அதத்தான் பண்ணியிருக்கேன், சர்வீஸுக்கு விட்டு வந்ததும் பொட்டு நேரா இருக்கான்னு முதல்ல பாப்பேன்.

ஒயர் பத்தி சுருக்கமா. உங்க ரெண்டு ஆம்ப்பும் சேந்து உச்சத்துல 60 ஆம்பியருக்கு மேல இழுக்கும், அதனால 4 கேஜ் தடிமன், முழு செம்பு, செம்பு பூசின அலுமினியம்னா அதே கேஜ்ல அவ்வளவு தாங்காது. பேட்டரிலேந்து ஒண்ணரை அடிக்குள்ள 80 ஆம்பியர் ஃபியூஸ். அந்த ஃபியூஸ் ஆம்ப்ப காப்பாத்த இல்ல, ஒயர் எங்கயாவது உரசி பாடில ஷார்ட் ஆனா வண்டி பத்திக்காம இருக்க. ஆர்.சி.ஏ. ஒயர் ஒரு பக்கம், பவர் ஒயர் இன்னொரு பக்கம். கிரவுண்டுக்கு பெயிண்ட சுரண்டி வெறும் தகரம் தெரியற வரைக்கும் விட்டு போல்ட்ட இறுக்குங்க, பெயிண்ட் மேலயே போட்டா ஆக்ஸிலேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கர்ல கொசு கத்தற மாதிரி ஒரு சத்தம் கூடவே ஏறும். எல்லாம் மாட்டி ஒரு அரை மணி நேரம் நல்லா ஓட்டிட்டு நிறுத்தி, அந்த கிரவுண்டு போல்ட்டையும் ஃபியூஸ் டப்பாவையும் கைய வெச்சு பாருங்க. ஆம்ப் சுடறது சகஜம், போல்ட் சுட்டா இன்னும் சரியா இறுகலன்னு அர்த்தம், திரும்ப கழட்டி சுரண்டுங்க.